மௌனத்துக்கு முதலாமிடம் கொடுத்த கதை

போன கிழமை தர்சிகா தொலைபேசி எடுத்தாள். நான் வேலை பார்த்து ஓய்வுபெற்ற வாரப் பத்திரிகையில் இப்போது கலைப்பக்கத்துக்குப் பொறுப்பானவள். பத்திரிகை கடதாசியில் வருவது நின்றுபோய், கைபேசியில் மட்டும் வருகிறது.

“ஐயா, வருசக் கடைசி வருகுது. சிறந்த இசைத்தொகுப்புகளைத் தெரிவு செய்யோணும். எத்தினை பேர் பாத்திருக்கினம் எண்டதை வச்சே போட்டுவிடுவம் எண்டு இஞ்ச சொல்லுறாங்கள். எனக்கு மனமில்லை. உங்கட காலத்தில எப்பிடித் தெரிவு செய்தனீங்கள்? வடிவா எழுதித் தாங்கோவன்.”

“ஒற்றைக் காதாலதான் பிள்ளை,” என்றேன்.

அவள் சிரித்தாள். வயதானவர்கள் தன்னடக்கமாகக் கதைப்பது வழக்கம்தானே என்று நினைத்திருப்பாள். நான் சொன்னது தன்னடக்கம் அல்ல, நடந்த சங்கதி. அதைத் தொலைபேசியில் விளக்க வெட்கமாக இருந்ததால் எழுதித் தருவதாக ஒப்புக்கொண்டேன். லிங்கநகரில் வீட்டோடு கிடக்கும் எனக்கு வேறு சோலியும் இல்லை.

முதலில் என் தகைமையைச் சொல்லிவிடுகிறேன். பள்ளிக்கூடத்தில் காலைப் பிரார்த்தனைக்குத் தேவாரம் பாடும்போது சங்கீத ரீச்சர் என்னைத் தனியே கூப்பிட்டு, “நீ வாயை மட்டும் அசை, சத்தம் வேண்டாம்” என்றார். நான் ஒழுங்காகக் கடைப்பிடித்த ஒரே சங்கீதப் பாடம் அதுதான். பத்திரிகையில் சேர்ந்தபோது எனக்குக் கிடைத்த வேலை, துறைமுகத்துக்கு வரும் கப்பல்களின் விபரமும் மரண அறிவித்தல்களும். இரண்டையும் பெரும்பாலும் பிழையில்லாமல்தான் செய்தேன். ஒரு கிழமை மட்டும் கோதுமை ஏற்றி வந்த கப்பல் ஒன்று இறைவனடி சேர்ந்ததாக வந்துவிட்டது.

அப்படியிருக்கும்போது கலைப்பக்கம் பார்த்தவர் திடீரென்று கனடாவுக்குப் போய்விட்டார். ஆசிரியர் செல்லத்தம்பி ஐயா என்னை அறைக்குள் கூப்பிட்டார்.

“உமக்குச் சங்கீதம் தெரியுமோ?”

“தெரியாது ஐயா. பாட்டுக் கேப்பன்.”

“தெரிஞ்சவன் தனக்குத் தெரிஞ்சதைத்தான் எழுதுவான். இதுக்கு நீரே காணும், போதும்.”

இதுதான் எனக்கு நடந்த நேர்முகப் பரீட்சை. பயிற்சி என்று பார்த்தால் ஐயாவிடம் வாங்கிய புள்ளிகளைத்தான் சொல்ல வேண்டும். அவர் எழுத்தை வெட்டமாட்டார், திருத்தமாட்டார். பிடிக்காத சொல்லின் கீழ் சிவப்புப் பேனையால் ஒரு சின்னப் புள்ளி வைத்துத் திருப்பித் தருவார். என்ன பிழை என்று நாங்களே கண்டுபிடிக்க வேண்டும். என் முதல் இசை விமர்சனம் திரும்பி வந்தபோது அம்மாள் வருத்தத்தில் கொப்புளம் போட்ட முகம்போல இருந்தது. “தேனினும் இனிய” என்ற சொல்லின் கீழே மூன்று புள்ளிகள். “எந்தத் தேன்? எந்தக் கடைத் தேன்?” என்பது அதன் கருத்தாம், நசீர்தான் விளக்கினார்.

ஐயா சத்தமாகக் கதைத்து நான் கேட்டதில்லை. கோபம் வந்தால் மூக்குக்கண்ணாடியைக் கழற்றிச் சட்டை நுனியால் துடைப்பார். கோபம் கூடினால் துடைத்துக்கொண்டே இருப்பார். அவர் கண்ணாடியைத் திரும்ப மாட்டும்வரை எதிரில் நிற்பவர் அசையக்கூடாது. துடைத்துத் துடைத்தே அந்தக் கண்ணாடி மெலிந்துபோனதாக அலுவலகத்தில் ஒரு கதை இருந்தது.

நசீர் எங்கள் ஒப்புநோக்குநர். கிண்ணியாவிலிருந்து மோட்டார் சைக்கிளில் வருவார். உண்மையில் எங்களுக்குள் காது உள்ளவர் அவர்தான். நல்லாகப் பாடவும் செய்வார், ஆனால் அலுவலகத்தில் பாடமாட்டார். “பாடினா பிறகு எழுத்துப்பிழைக்கு ஏசேலாது அண்ணன், மரியாதை போயிரும்” என்பார்.

எங்கள் மாவட்டத்தில் வருடத்துக்கு எத்தனை பாட்டு இறுவட்டுகள், அதுதான் சீடிகள், வந்தன என்று சொன்னால் வெளியூர்க்காரர் நம்பமாட்டார்கள். கோயிலுக்குக் கும்பாபிஷேகம் என்றால் ஓர் இறுவட்டு. தேர் செய்தால் இன்னொன்று. கிண்ணியாவிலும் மூதூரிலும் இருந்து இஸ்லாமிய கீதங்கள் வரும். மாதா திருநாளுக்கு ஒன்று வரும். ஒவ்வொன்றுக்கும் ஒரு வெளியீட்டு விழா, ஒரு பிரதம விருந்தினர், முதற்பிரதி வாங்க ஒரு கடை முதலாளி, நயவுரை என்ற பெயரில் பாட்டைவிட நீளமாகக் கதைக்க ஓர் அதிபர். உறையைப் பார்த்தால் கோயில் தலைவர், செயலாளர், பொருளாளர், ஒலிபெருக்கிக்காரர், அவருடைய பேரப்பிள்ளை என்று எல்லாருடைய படமும் இருக்கும். பாடியவருடைய படத்தைத் தேடித்தான் பிடிக்க வேண்டும்.

இதில் இன்னொரு சிக்கல், எல்லாரும் யாருக்கோ சொந்தக்காரர். பாடியவர் என் மனைவியின் சித்தப்பா மகனாக இருப்பார். மத்தளம் அடித்தவர் ஐயாவின் மருமகனுக்கு வாத்தியாராக இருப்பார். ஒருமுறை முதலாமிடம் கொடுக்காத கோபத்தில் என் மச்சான்முறையான ஒருவர் எங்கள் வீட்டுக் கலியாணத்துக்கு வரவேயில்லை. நான் அதைத் தண்டனையாக நினைக்கவில்லை என்பது வேறு கதை.

அதனால்தான் ஐயா அந்த நடைமுறையைக் கொண்டுவந்தார். மார்கழி பிறந்ததும் வந்துசேர்ந்த இறுவட்டுகள் எல்லாம் கணக்குப் பகுதி மனோன்மணி அக்காவிடம் போகும். அவர் ஒவ்வொன்றையும் உறையிலிருந்து எடுத்து, தட்டின் முகத்தில் வெள்ளைக் கடதாசி ஒட்டி, ஓர் எழுத்து மட்டும் எழுதுவார். உறைகள் அலுமாரிக்குள் போய்ப் பூட்டப்படும். திறப்பு அவருடைய கைப்பையில். பாடியவர் யார், எந்த ஊர், எந்தக் கோயில் எதுவும் எங்களுக்குத் தெரியாது. ஐயா, நசீர், நான் மூன்று பேரும் கதவைச் சாத்திக்கொண்டு கேட்போம். தொடக்கத்திலிருந்து கடைசிவரை முழுவதும் கேட்க வேண்டும். இடையில் தேத்தண்ணி இல்லை. கதை இல்லை. காலால் தாளம் போடவும் கூடாது, பக்கத்தில் இருப்பவரின் மனத்தை அது மாற்றிவிடுமாம். முடிந்ததும் அவரவர் கருத்தைத் துண்டில் எழுதிக் கொடுக்க வேண்டும். பிறகு வாதாடலாம். முடிவு வந்ததும் தீர்ப்பை நான் எழுதுவேன், ஐயா புள்ளி வைப்பார். தீர்ப்பு எழுதி முடிந்த பிறகுதான் அலுமாரி திறபடும். உறையைப் பார்த்துவிட்டுத் தீர்ப்பில் ஓர் எழுத்தையும் மாற்றக்கூடாது. இது கல்லில் வெட்டிய சட்டம்.

நீதிமன்றத்தில்கூட இப்படி நடக்காது என்று நான் ஊரெல்லாம் பெருமையடித்திருக்கிறேன். உட்துறைமுக வீதிப் பக்கம் இருந்த எங்கள் அலுவலக வாசலில், ஊருக்குள் திரியும் மான்கள் வந்து விற்காத பத்திரிகைகளைத் தின்னும். “உங்கட விமர்சனப் பக்கத்தை மட்டும் விட்டுட்டுத் தின்னுது, பாத்தீங்களா அண்ணன்?” என்று நசீர் கேட்பார். அதற்கும் நான் அசரமாட்டேன்.

பாட்டுக் கேட்கும் செற் ஐயாவின் மேசைக்கு இடப்பக்கம் இருந்தது. அதற்கு இரண்டு ஸ்பீக்கர்கள். ஒன்று செற்றுக்குப் பக்கத்திலேயே. மற்றது அறையின் வலப்பக்கத்தில், ஜன்னலடியில். அதன்மேல் எங்கள் தண்ணீர்க் கூசா இருக்கும். உயரம் வாகாக இருந்தது.

இனி அந்த வருடத்துக்கு வருகிறேன். பல இறுவட்டுகளைக் கேட்டு, ஒரே மாதிரியான கீபோர்ட் சத்தத்தில் காது மரத்துப்போயிருந்த நேரம். ‘ஒ’ என்று எழுதிய தட்டை நசீர் போட்டார். வாத்தியம் எதுவுமில்லை. ஓர் ஆண்குரல், வயது போன குரல், கவி பாடத் தொடங்கியது.

கவி என்றால் எங்கள் கிழக்குப் பக்கம் வயலிலும் வீட்டிலும் பாடுகிற நாலுவரிப் பாட்டு. ஆண் ஒன்றைக் கேட்பான். பெண் அதற்கு மறுமொழி பாடுவாள், பெரும்பாலும் ஆணின் மூக்கை உடைத்து அனுப்புவாள். அதுதான் அதன் சுவை.

*வாய்க்கால் வரம்பால*
*வாற கிளியே நில்லு*
*வாடாத பூவொண்டு*
*வச்சிடட்டோ கொண்டையில?*

மறுமொழிக்குக் காத்திருந்தோம். வரவில்லை. அறை முழுக்க அமைதி. அந்த அமைதிக்குள் மெல்லிதாக ஒரு மூச்சு மட்டும் கேட்டது. பிறகு அதே ஆண்குரல் அடுத்த கவியைத் தொடங்கியது. மறுபடியும் அமைதி. கடைசிவரை அப்படியே. ஆண் கேட்கிறான், பதில் இல்லை, ஆண் கேட்கிறான், பதில் இல்லை.

கண்ணை மூடிக்கொண்டு கேட்கும் ஐயா கண்ணைத் திறந்து கூரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். முடிந்தபோது நசீரின் கண் கலங்கியிருந்தது.

“அந்தப் பொம்புள மௌத்தாயிட்டா போல ஐயா,” என்றார். “அவ இல்லாம அவர் தனியப் பாடுறார்.”

“அல்லது இவர் கேக்கிறதுக்கு உலகத்தில பதிலே இல்லை,” என்றார் ஐயா. அவர் அப்படியெல்லாம் கதைக்கிற மனிதர் அல்ல.

எனக்கு உடம்பு புல்லரித்துவிட்டது. எங்கள் மூவருடைய வாக்கும் அதற்கே போய் முதலாமிடம் முடிவானது. பேனையை எடுத்தேன். இன்றைக்கும் அந்தத் தீர்ப்பு எனக்கு மனப்பாடம். மறக்க எவ்வளவோ முயன்றும் முடியவில்லை. ‘கேள்வியை நம்முன் வைத்துவிட்டு மறுமொழியை மறுத்துவிடுகிறார் இந்தக் கலைஞர். பெண்குரலைத் தவிர்த்த அந்தத் துணிவே இத்தொகுப்பின் உயிர். மறுமொழி வந்திருந்தால் இது வெறும் கவி. வராததால் இது காவியம். அந்த மௌனத்தினிடையே கேட்கும் ஒற்றை மூச்சு ஆயிரம் பதில்களுக்குச் சமம்.’ ஐயா ஒரு புள்ளிகூட வைக்கவில்லை. என் தொழில் வாழ்க்கையில் புள்ளியே விழாத ஒரே பக்கம் அது. எங்கள் மூவருடைய வாக்கும் அதற்கே போய் முதலாமிடம் முடிவானது.

மனோன்மணி அக்கா அலுமாரியைத் திறந்தார். ‘ஒ’ என்ற தட்டின் உறையில் ஒரு கணவனும் மனைவியும் கதிரையில் அருகருகே இருந்தார்கள். பாடியவர்கள்: தருமலிங்கம், பரமேஸ்வரி. ஊர்: கிளிவெட்டி.

“ரெண்டு பேர் எண்டு போட்டிருக்கு,” என்றார் நசீர்.

“மனிசியின்ர படத்தையும் பேரையும் போடாமல் விட்டிட்டு அந்தாள் வீட்டை போகேலுமோ?” என்று நான் விளக்கம் சொன்னேன். ஒலிபெருக்கிக்காரரின் பேரப்பிள்ளை படம்வரை பார்த்த கண்களுக்கு அந்த விளக்கம் போதுமாக இருந்தது. ஐயா மட்டும் கண்ணாடியைக் கழற்றினார், ஒருதரம் துடைத்தார், மாட்டிக்கொண்டார். சட்டம் சட்டம்தான், தீர்ப்பு மாறவில்லை.

பொங்கல் இதழில் அது வெளிவந்ததும் எனக்குக் கால் நிலத்தில் நிற்கவில்லை. வழியில் கண்டவர்கள் கை தந்தார்கள். ஒரு விரிவுரையாளர் தொலைபேசி எடுத்து, அந்த மௌனத்தைப் பற்றித் தான் ஓர் உரை நிகழ்த்தலாமா என்று கேட்டார். தாராளமாக நிகழ்த்துங்கள் என்று அனுமதி கொடுத்தேன், என்னவோ மௌனம் என் பாட்டன் சொத்துப்போல.

பொன்னாடை போர்த்தும் விழாவுக்குச் சில நாட்கள் இருக்கும்போது தருமலிங்கம் அலுவலகத்துக்கு வந்தார். உயரமான மனிதர். வயலும் ட்ரக்டரும் வைத்து நன்றாக வாழ்கிறவர் என்று பிறகு தெரிந்தது. ஆனால் அன்று கதிரை நுனியில், வைத்தியரிடம் வந்தவர்போல இருந்தார்.

“தம்பி, முதலாமிடம் தந்ததுக்குப் பெரிய நன்றி. ஆனா ஒரு கதை கதைக்கோணும் எண்டு வந்தனான்.”

“சொல்லுங்கோ அண்ணை.”

“அவவில என்ன குறை கண்டீங்கள் எண்டு சொன்னீங்களெண்டா நல்லம். நாங்கள் திருத்திக்கொள்ளுவம்.”

“ஆரில?”

“என்ர மனிசியில. பரமேசில. நீங்கள் எழுதினதை வாசிச்ச நாளில இருந்து அவ வாயே திறக்கிறா இல்லை. பாட்டு மட்டுமில்லைத் தம்பி, கதையும் இல்லை. சமைக்கிறா, தாறா, போறா. பொம்பிளைக்குரல் இல்லாததுதான் உயிர் எண்டு எழுதியிருக்கிறீங்களெல்லோ. தான் பாடினது அவ்வளவு கூடாமலோ போச்சுது எண்டு ஒரேயொருக்காக் கேட்டா. அதோட சரி.” அவர் சால்வையை எடுத்து மடியில் மடித்து வைத்தார். “முன்பள்ளியில படிப்பிச்சவ. பகலெல்லாம் பிள்ளையளோட பாடினவ. அவ கதையாத வீட்டில என்னால இருக்கேலாமக் கிடக்கு.”

“ஆனா அண்ணை, அதில அவ பாடவேயில்லையே!”

காய்ச்சல்காரனைப் பார்ப்பதுபோல அவர் என்னைப் பார்த்தார்.

சத்தம் கேட்டு ஐயா வெளியே வந்தார். விசயத்தைக் கேட்டதும் அவரை உள்ளே கூட்டிக்கொண்டுபோய், ‘ஒ’ தட்டைப் போட்டார். முதற்கவி முடிந்தது. அமைதி வந்தது. அந்த அமைதியில் தருமலிங்கம் தலையை ஆட்டி, வெட்கத்தோடு சிரித்தார். “இந்த இடத்தில உப்பிடித்தான், விட்டுக்குடுக்க மாட்டா” என்றார். அவருக்குப் பாட்டு முழுக்க மனத்தில் இருந்ததால் பழக்கத்தில் வந்த சிரிப்பு அது. எங்கள் முகத்தைப் பார்த்த பிறகுதான் அவருடைய சிரிப்பு நின்றது. காதைத் தீட்டினார்.

“ஐயா, அவவின்ர பக்கம் எங்க?”

“அவவின்ர பக்கமோ?”

“ஸ்ரூடியோக்காரத் தம்பி புதுசாச் செய்வம் எண்டு சொன்னவர். நான் இடப்பக்க ஸ்பீக்கரில, அவ வலப்பக்க ஸ்பீக்கரில. வரம்புக்கு அங்கால ஒரு ஆள், இஞ்சால ஒரு ஆள் நிண்டு பாடுற மாதிரி இருக்குமாம்.”

நாங்கள் மூவரும் ஒரே நேரத்தில் தண்ணீர்க் கூசாவைப் பார்த்தோம்.

நசீர் கூசாவை இறக்கிவிட்டு, ஸ்பீக்கரின் வயரைக் கையால் பிடித்துக்கொண்டே போனார். அது சுவரோரம் போய், அலுமாரிக்குப் பின்னால் புகுந்து, செற் பக்கம் திரும்புவதற்குப் பதிலாக மேலே ஏறி ஜன்னலுக்குப் போனது. வாடைக்காற்றில் ஜன்னல் கதவு அடிபடாமல் இருக்க யாரோ அந்த வயரால் அதைக் கட்டியிருந்தார்கள். நல்ல இறுக்கமான கட்டு. எத்தனை வாடைக்காற்றைக் கண்ட கட்டு என்று யாருக்கும் தெரியவில்லை. யார் கட்டியது என்று ஐயா கேட்டார். முடிச்சைப் பார்த்தால் என்னுடைய முடிச்சுப்போலத்தான் எனக்குத் தெரிந்தது. ஆனால் உலகத்தில் முடிச்சுகள் எல்லாம் ஒன்றுபோலத்தானே இருக்கின்றன.

அவ்வளவு காலமும் ஏன் தெரியவில்லை என்று கேட்பீர்கள். மற்ற இறுவட்டுகளில் எல்லாச் சத்தமும் இரண்டு பக்கத்திலும் ஒன்றாகவே வரும். ஒரு ஸ்பீக்கர் செத்தாலும் குறை தெரியாது. உறையை முதலிலேயே பார்த்திருந்தால், இரண்டு பேர் பாடியிருக்கிறார்கள், ஒரு குரலைக் காணோமே என்று சின்னப்பிள்ளைகூடக் கேட்டிருக்கும். பக்கம் சாயக்கூடாது என்று பார்த்துப் பார்த்துக் கட்டிய நடைமுறை, எங்களை ஒரேயடியாக இடப்பக்கம் சாய்த்துவிட்டது.

நான் விடாப்பிடியாக, “அந்த மூச்சு, அண்ணை? மௌனத்துக்குள்ள கேக்கிற அந்த மூச்சு?” என்றேன்.

“அதோ? அண்டைக்கு எனக்குச் சரியான தடிமன் தம்பி. மூக்கடைப்பு.”

நசீர் வயரை அவிழ்த்துச் செற்றில் பூட்டினார். அவிழ்த்த கையோடு ஜன்னல் படாரென்று அடித்தது. மனோன்மணி அக்கா ஓடிவந்து கதவைக் கையால் பிடித்துக்கொண்டு நின்றார். தட்டு மறுபடியும் ஓடியது. தருமலிங்கம் பூவைக் கொண்டையில் வைக்கட்டுமா என்று கேட்டு முடிக்கிற தறுவாயில், ஜன்னலடியிலிருந்து ஒரு பெண்குரல் எழும்பியது.

*பூவைத்தான் கொண்டு வந்தாய்*
*பொழுதெல்லாம் எங்க போனாய்?*
*வரம்பு உடைஞ்சு தண்ணி*
*வழிஞ்சோடிப் போகுதெல்லோ!*

ஜன்னலைப் பிடித்திருந்த மனோன்மணி அக்கா வாய்விட்டுச் சிரித்தார். அந்தக் குரலில் குறும்பும் இருந்தது, பாசமும் இருந்தது, யாருக்கும் மசியாத ஒரு நிமிர்வும் இருந்தது. அதைத்தான் நான் ‘தவிர்த்த துணிவு’ என்று எழுதியிருந்தேன். எனக்கு நிலம் பிளந்து உள்ளே போய்விட்டால் நல்லது போலிருந்தது. ஐயா கண்ணாடியைத் துடைக்கத் தொடங்கினார். அன்று அவர் அதை மாட்டியதாக எனக்கு ஞாபகமில்லை.

தருமலிங்கம் மட்டும் மிகுந்த மகிழ்ச்சியோடு எழும்பினார். “அப்ப அவவில குறை இல்லை! இதைப் போய்ச் சொன்னாக் காணும்,” என்று பஸ்ஸுக்கு ஓடினார்.

அவர் போனபின் எல்லா இறுவட்டுகளையும் மறுபடி இரண்டு பக்கத்தாலும் கேட்டோம். நடைமுறைப்படி துண்டில் எழுதினோம். முடிவு எனக்குப் பிடிக்கவில்லை. முழுதாகக் கேட்டபோது ‘ஒ’ முதலாமிடத்தில் இல்லை. பரமேஸ்வரி அபாரம்தான், ஆனால் இருவருடைய குரலும் பல இடங்களில் ஒன்றோடொன்று முட்டின. ஈச்சிலம்பற்றிலிருந்து வந்த ஒரு பக்திப்பாடல் தொகுப்பு மேலே வந்துவிட்டது. எங்களுடைய காவியம் இரண்டாமிடம்.

“ஐயா, இதை வெளியில விடாதேங்கோ,” என்று கெஞ்சினேன். “மேடையில ரெண்டு பேருக்கும் பொன்னாடையைப் போட்டு விசயத்தை முடிப்பம். திருத்தம் போட்டா நாங்கள் இதுவரை எழுதின எல்லாத் தீர்ப்புக்கும் ஊர் சிரிக்கும்.”

“அச்சில பிழை வந்தாத் திருத்தம் போடுறம். காதில பிழை வந்தா விடுறதோ? நீர் எழுதும். முதற்பக்கத்தில வரட்டும்.”

எழுதினேன். பின்னர் அது வெளிவந்தபோது ஊர் சிரிக்கத்தான் செய்தது. மௌனத்தைப் பற்றி உரையாற்றவிருந்த விரிவுரையாளர் அதன்பிறகு என்னைக் கண்டால் வீதியின் மறுபக்கத்துக்கு மாறிவிடுவார். மரணப் பகுதிக்கு மாற்றல் கேட்கலாமா என்றுகூட யோசித்தேன்.

ஆனால் திருத்தம் அச்சுக்குப் போகும் முன்பே தருமலிங்கம் தொலைபேசி எடுத்துவிட்டார். குரலில் உற்சாகம் முழுவதும் வடிந்துபோயிருந்தது. “அவ நம்புறா இல்லை ஐயா. ஸ்பீக்கர் வயரால ஜன்னலைக் கட்டினவையோ, நல்ல கதை, பேப்பர்காரர் சமாளிக்கினம் எண்டு கையால காட்டிப்போட்டுப் போயிட்டா.” பரமேஸ்வரியைக் குறை சொல்லவும் முடியாது. உண்மை அவ்வளவு கேவலமாக இருந்தது.

“நாங்கள் வாறம்,” என்றார் ஐயா.

பத்திரிகை விநியோகிக்கும் வான் வண்டியில் போனோம். கிண்ணியாப் பாலத்தடியில் நசீர் ஏறிக்கொண்டார். வழிநெடுக நான் சொல்லவேண்டிய வசனங்களைத் தயார்செய்து, நசீருக்குச் சொல்லிக்காட்டிக்கொண்டு வந்தேன். மூதூர் தாண்டும்வரை பொறுத்துக்கொண்டிருந்தவர், “அண்ணன், நீங்க ஒண்டும் கதைக்க வேணாம். மௌனமா இருங்க, உங்களுக்கு அது நல்லா வரும்” என்றார்.

கிளிவெட்டியில் வீடு வயலைப் பார்த்தபடி இருந்தது. பரமேஸ்வரி அக்கா தலையசைத்து வரவேற்றார், தேத்தண்ணி கொண்டுவந்து தந்தார், குசினி வாசலில் போய் நின்றுகொண்டார். மரியாதையில் ஒரு குறையும் இல்லை, வாயில்தான் ஒரு சொல்லும் இல்லை. தருமலிங்கம் எங்களையும் அவரையும் மாறி மாறிப் பார்த்தபடி இருந்தார்.

“அம்மா, பிழை எங்கட,” என்றார் ஐயா. “உங்கட பக்கம் எங்களுக்குக் கேக்கவேயில்லை. இப்ப முழுசாக் கேட்டிட்டு வந்திருக்கிறம்.”

“அவரும் அப்பிடித்தான் சொன்னவர்,” என்றார் அக்கா. தருமலிங்கம் கதிரையில் நிமிர்ந்தார்.

“நம்பிக்கை இல்லையோ?”

“பெரிய ஆக்கள் வீடு தேடி வந்து சொல்லுறீங்கள். இந்தக் கிழவியின்ர மனம் நோகக்கூடாது எண்டு சொல்லுறீங்கள். அது விளங்குது ஐயா. பரவாயில்லை. அவருக்குப் பொன்னாடையைப் போடுங்கோ. நான் கீழ இருந்து கைதட்டுறன்.”

அவர் அதை அழாமல் சொன்னார். “அப்பிடியில்லை அக்கா, உங்கட குரல் தேனினும்” என்று நான் தொடங்க, நசீர் என் காலை மிதித்தார்.

“முதலாமிடம் இல்லை அம்மா,” என்றார் ஐயா.

“என்ன?”

“முழுசாக் கேட்டபிறகு உங்கட தொகுப்பு ரெண்டாமிடத்துக்கு இறங்கிட்டுது. இந்தக் கிழமைப் பேப்பரில வருகுது. அதையும் சொல்லிப்போட்டுப் போகத்தான் வந்தனாங்கள்.”

நான் கண்ணை மூடிக்கொண்டேன். ஆறுதல் சொல்ல வந்த இடத்தில், இருந்ததையும் பறித்துக்கொண்டு போகிற மனிதரை நான் அதற்கு முன் கண்டதில்லை. தேத்தண்ணி குடித்து முடிப்பதற்குள் எங்களை வெளியே அனுப்பப்போகிறார்கள் என்று நினைத்தேன்.

பரமேஸ்வரி அக்கா குசினி வாசலைவிட்டு முன்னால் வந்தார். “என்ன குறை?”

“அவர் கடைசிச் சொல்லை இழுக்கிறார். நீங்கள் அவர் முடிக்க முதலே தொடங்கிறீங்கள். வரம்புக் கவியிலயும் அப்பிடி, சந்தைக்குப் போற கவியிலயும் அப்பிடி. ரெண்டு குரலும் முட்டுது. ஒண்டில் அவர் கெதியா முடிக்கோணும், இல்லாட்டி நீங்கள் பொறுக்கோணும்.”

அக்கா மெதுவாகக் கணவரின் பக்கம் திரும்பினார்.

“கேட்டீங்களோ? இழுக்காதேங்கோ, இழுக்காதேங்கோ எண்டு எத்தினை தரம் சொன்னனான்?”

“நீ எங்க பொறுத்தனீ?” என்றார் தருமலிங்கம். வாய் சண்டை பிடித்தது, முகம் முழுக்கச் சிரிப்பு.

“நீங்கள் முடிக்குமட்டும் பொறுத்தா விடிஞ்சிடும்!” என்றவர் எங்களைப் பார்த்தார். அந்த முகத்தில் இருந்த இறுக்கம் கழன்றுபோயிருந்தது. “அப்ப உண்மையாக் கேட்டுத்தான் இருக்கிறீங்கள்,” என்றார். “சமாளிக்க வந்தவை எண்டா முதலாமிடத்தைப் பறிப்பினமோ?”

தர்சிகா, எண்ணிக்கையை வைத்துத் தெரிவு செய்வதா வேண்டாமா என்று நீ கேட்டாய். எனக்குத் தெரியாது பிள்ளை. அத்தனை வருடமும் நாங்கள் கொடுத்த முதலாமிடத்தை வாங்கிய எவரும், அந்த மனிசி இரண்டாமிடத்தை வாங்கியதுபோல மகிழ்ந்து வாங்கி நான் பார்க்கவில்லை. அது மட்டும் தெரியும்.

அக்கா ஒரு கதிரையை இழுத்துப்போட்டு எங்களுக்கு நேரே அமர்ந்தார். என்னைப் பார்த்து, “நீங்களோ தம்பி அந்த மௌனத்தை எழுதினது?” என்றார். ஓம் என்று தலையாட்டினேன். அவர் தொண்டையைச் செருமினார். யோசிக்கக்கூட இல்லை.

*ஒத்தைக் காதுப் பெட்டி வச்சு*
*ஊருக்கெல்லாம் தீர்ப்புச் சொன்ன*
*பத்திரிகை ஐயாமாரே*
*பாதிப்பாட்டு எங்க போச்சு?*

நசீர் தொடையில் அடித்துச் சிரித்தார். ஐயாவும் சிரித்தார், சத்தமாக. கவி என்றால் மறுமொழி வேண்டும். எங்களுக்காக அதைப் பாடவேண்டியவர் தருமலிங்கம். எல்லாரும் அவரைப் பார்த்தோம். அவர் வாயைத் திறந்தார், மூடினார், சால்வைத் தலைப்பால் கண்ணைத் துடைத்தார். ஒரு சொல்லும் வரவில்லை. வீடு அமைதியாக இருந்தது.

“என்னப்பா, மறுமொழியைப் பாடுங்கோ,” என்றார் பரமேஸ்வரி அக்கா. “விட்டா உவையள் இதையும் மௌனம் எண்டு எழுதிப்போடுவினம்.”